மெஷின் மக்கர் பண்ணினாலும் துணிப் பரிசு நிற்காது! - ஏலமலை அடிவாரத்து வீடுகளுக்கு ஒரு தையல் வழிகாட்டி

கல்யாணத்துக்கு இன்னும் நான்கே நாள். நூறு தாம்பூலப் பை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. துணியை வெட்டி அடுக்கியும் வைத்தாகிவிட்டது. மெஷினில் உட்கார்ந்து மிதித்தால், நான்கு இஞ்ச் ஓடுவதற்குள் நூல் அறுகிறது. மறுபடி கோர்த்து மிதித்தால், துணிக்கு அடியில் நூல் கூடு கட்டி நின்றுவிடுகிறது. 'அக்கா, பை ரெடியா?' என்று போன் வேறு வருகிறது. தையல் தெரிந்த எந்த வீட்டுக்கும் இந்த அவஸ்தை புதிதல்ல.

இந்த நேரத்தில் பலரும் எடுக்கும் முடிவு, 'மெஷின் பழசாகிடுச்சு, இனி இது ஆகாது' என்பதுதான். அதன்பிறகு மெஷின் மூலைக்குப் போகும். மேலே துணி மடித்து வைக்கும் மேசையாக மாறும். ஆனால், வீட்டு மெஷின்கள் செய்யும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஊசி, நூல், பாபின், தூசி, எண்ணெய், பெல்ட் ஆகிய ஆறு இடங்களில்தான் பிறக்கின்றன. ஆறையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால், அந்த மெஷின் இன்று எதைத் தைக்குமோ அதற்கேற்ற பரிசைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்குமான வழிகள் இங்கே.

ராத்திரியில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்

தேனி மாவட்டம் தேவாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி. பண்ணைப்புரம், கோம்பை என்று அக்கம்பக்கத்து ஊர்களும் மலையை ஒட்டியே இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். அதில் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். காய் எடுப்பு ஒரே தடவையில் முடிகிற வேலை அல்ல. ஆடி, ஆவணியில் தொடங்கி தை, மாசி வரைக்கும் சுற்றுச் சுற்றாகப் போகும். ஆவணி, ஐப்பசி, தை மாதக் கல்யாணங்களும் இதே காலத்தில்தான் வரும்.

மலைவேலைக்குப் போகும் ஒரு பெண் தையலும் வைத்திருந்தால், அவர் மெஷினில் உட்காரக் கிடைப்பது சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்த பிறகு, ராத்திரியில் ஒன்றிரண்டு மணி நேரம். மெஷின் மக்கர் செய்தால் அந்த நேரம் முழுக்க நூல் கோர்ப்பதிலேயே போய்விடும். மெக்கானிக் கூலியைவிட இதுதான் பெரிய நஷ்டம். மலையேற முடியாத வயதில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் வீட்டில் ஓடும் மெஷின் என்பது தனி வருமானம். அது நின்றால் வருமானமும் நிற்கும்.

துணிப் பை திரும்ப வந்த கதை

துணியில் தைத்ததைப் பரிசாகக் கொடுப்பது நமக்குப் பழக்கமான விஷயம்தான். பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையில் தைத்த சட்டை, கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துக் கொடுக்கும் மஞ்சள் பை எல்லாம் அந்த வகைதான். இடையில் பிளாஸ்டிக் கவர் வந்து துணிப் பையை ஓரம் கட்டியது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. 'மஞ்சப்பை' என்று கேலியாகச் சொன்ன காலம் போய், கல்யாண வீடுகளிலும் கொலுவிலும் வளைகாப்பிலும் துணிப் பை கொடுப்பது கௌரவமாக மாறியிருக்கிறது. வீட்டில் தைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. நேர்த்தையல் மட்டும் போடும் சாதாரண மெஷினே இதற்குப் போதும்.

உங்கள் மெஷின் தோன்றிய விதம்

தையல் மெஷின் இரண்டு நூல்களால் தைக்கிறது. மேல்நூல் ஊசியோடு துணிக்குள் இறங்கும். அடியில் இருக்கும் ஷட்டில் அந்த நூலில் ஒரு சின்ன வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுவரும். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொண்டால் அதுதான் நல்ல தையல். அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-லும், ஐசக் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்ற மெஷின்கள் இந்த முறையில் அமைந்தவை. இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியே, 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்த மெஷின் என்பது அவர் சொன்ன காரணம்.

1930-களில் கொல்கத்தாவின் ஜெய் இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் 'உஷா' மெஷின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பஞ்சாபின் லூதியானா, தையல் மெஷினும் அதன் உதிரி பாகங்களும் தயாரிக்கும் பெரிய மையமாக வளர்ந்தது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு நிற மிதி மெஷினின் அடிப்படை வடிவம் நூறு வருடங்களைத் தாண்டியது. அதனால்தான் அம்மா காலத்து மெஷினுக்கும் இன்று ஊசி, பாபின், ஷட்டில், பெல்ட் எல்லாம் தையல் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. பழசு என்பதாலேயே இந்த மெஷினைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

ஆறு இடங்களைப் பாருங்கள்... இதே வரிசையில்!

செலவு குறைந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்ததும் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் திருகினால், எது கோளாறு என்றே தெரியாமல் போய்விடும். மோட்டார் பொருத்திய மெஷின் என்றால், கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

1. ஊசி: தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் முனை மழுங்கியிருக்கும், அல்லது லேசாக வளைந்திருக்கும். கண்ணாடி மேல் ஊசியின் தட்டைப் பக்கத்தை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். புது ஊசி போடும்போது, மேலே முட்டும் வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். தட்டைப் பக்கம் ஷட்டில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூலைக் கோர்க்க வேண்டும். மெல்லிய பருத்திக்கு 11 அல்லது 14 நம்பர், கனமான பைத் துணிக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி பொருந்தும்.

2. மேல்நூல்: துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவோம். ஆனால், அடியில் குவிவது பெரும்பாலும் மேல்நூல். அது டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராமல் வெளியே ஓடுகிறது என்று அர்த்தம். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து, நூலை முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்து கோருங்கள். ஃபுட் மேலே இருக்கும்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். கீழே இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். நூலின் தரத்தையும் பாருங்கள். ஒரு முழம் எடுத்து இழுத்தால் சட்டென்று அறுந்துபோகும் பழைய நூலை வைத்து எந்த மெஷினாலும் தைக்க முடியாது. அதைக் கையால் பித்தான் தைக்க ஒதுக்கிவிடுங்கள்.

3. பாபின்: நூல் மேடும் பள்ளமுமாகச் சுற்றியிருந்தால் தையலும் அப்படித்தான் வரும். சீராக, நிறைந்து வழியாமல் சுற்றுங்கள். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். சரசரவென்று கீழே இறங்கினால் லூஸ். கையை லேசாக உதறினாலும் அசையாமல் நின்றால் டைட். உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்பதுதான் சரியான அளவு. கேஸில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். அது கழன்று தரையில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

4. தூசி: ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே இறங்கும் காற்று, அடிவார ஊர்களில் வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அந்த மண்ணும் துணிப் பிசிறும் எண்ணெயும் சேர்ந்து ஷட்டிலைச் சுற்றிப் பசைபோல அப்பிக்கொள்ளும். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல் வரிசைகளின் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். ஷட்டிலை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்திலும் பாருங்கள். அரை இஞ்ச் நூல் துண்டு அங்கே மாட்டியிருந்தாலே மெஷின் இறுகி நிற்கும். வாயால் ஊதாதீர்கள். தூசி இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரம் துருவாகும். வேலை முடிந்ததும் மெஷின் மேல் ஒரு துணி உறை போட்டு வைப்பது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

5. எண்ணெய்: அவசரத்துக்கு அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழி, தைக் குளிரில் மலையடிவார வீடுகளில் பாட்டிலிலேயே கட்டியாகிவிடுகிறதே, மெஷினுக்குள் மட்டும் உருகியா இருக்கும்? ராத்திரி நன்றாக ஓடிய மெஷின் காலையில் நகர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். ஏற்கெனவே பிசின் பிடித்திருந்தால், எண்ணெய் விடும் துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, கசியும் அழுக்கைத் துடைத்துவிட்டு, பிறகு மெஷின் எண்ணெய் விடுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எண்ணெய் விட்ட பிறகு பழைய துணியில் நான்கு வரி தைத்துவிட்டுத்தான் புதுத் துணியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பையிலேயே எண்ணெய்க் கறை விழும்.

6. பெல்ட்: மிதித்தால் கீழ்ச் சக்கரம் சுற்றுகிறது, மேல் சக்கரம் திணறுகிறது என்றால் தோல் பெல்ட் நீண்டு தளர்ந்திருக்கிறது. ஒரு துளி நீளத்தை வெட்டி, கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டினால் இறுகிவிடும். கொஞ்சமாக வெட்டுங்கள். அதிகமாக வெட்டிவிட்டால் மிதி கனத்து முழங்கால் வலிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல் சக்கரம் எப்போதும் நம்மை நோக்கியே சுற்ற வேண்டும். மிதியைத் தவறாகத் தொடங்கிச் சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் சிக்கும், அறுந்தும் போகும். கையால் சக்கரத்தைத் தொடங்கிவிட்டு, பிறகு மிதித்தால் இந்தப் பிரச்னை வராது.

இந்த ஆறும் பார்த்த பிறகும் தையல் விட்டுப்போனால், ஊசி கீழே உலோகத்தில் இடித்தால், 'கடகட' சத்தம் நிற்காவிட்டால் அது மெக்கானிக் வேலை. ஷட்டிலும் ஊசியும் சந்திக்கும் நேரம் மாறியிருக்கலாம். அதை வீட்டில் நோண்ட வேண்டாம். அவரிடம் போகும்போது, கோளாறு தெரியும்படி தைத்த ஒரு துண்டுத் துணியையும், நீங்கள் பயன்படுத்தும் நூலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். 'என்னமோ பண்ணுது' என்று சொல்வதைவிட அந்தத் துண்டு தெளிவாகச் சொல்லிவிடும்.

மெஷினின் நிலைமைக்கு ஏற்ற பரிசு

மெஷின் சுமாராக ஓடுகிறது, ஆனால் முழுசாக நம்ப முடியவில்லை என்றால், அதற்குக் கஷ்டம் கொடுக்காத பரிசாகத் தேர்ந்தெடுங்கள். ஜிப், பட்டன் ஹோல், கனமான கேன்வாஸ் வேண்டாம். நேர்த்தையல் மட்டும் உள்ள தாம்பூலப் பை நல்ல தேர்வு. துணிக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர்போன ஊர்கள்.

44 இஞ்ச் அகலமுள்ள பருத்தித் துணி ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, தேய்த்து, மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஒரு பைக்கு 10 இஞ்ச் அகலம், 25 இஞ்ச் நீளம் என்று வெட்டினால், குறுக்கே நான்கு பைகள் வரும். அடிப்பக்கம் மடிப்பிலேயே இருப்பதால் தைக்க வேண்டியது இரண்டு பக்கமும் வாயும் மட்டும்தான். இரு பக்கமும் அரை இஞ்ச், வாய்ப்பக்கம் மடிக்க ஒன்றரை இஞ்ச் போக, 9 இஞ்ச் அகலமும் 11 இஞ்ச் உயரமும் உள்ள பை கிடைக்கும்.

மீதியிருக்கும் 14 இஞ்ச் நீளத் துணியில், 12 இஞ்சுக்கு 3 இஞ்ச் அளவில் எட்டுத் துண்டுகள் வெட்டினால் நான்கு பைக்கும் கைப்பிடி. அதற்குப் பிறகும் 20 இஞ்ச் அகலம் மிஞ்சும். அதில் 5 இஞ்சுக்கு 13 இஞ்ச் அளவில் நான்கு சுருக்குப் பைகள் வரும். ஒரு மீட்டரில் நான்கு பெரிய பை, நான்கு சின்னப் பை. துணி அநேகமாக வீணாவதில்லை. நூறு தாம்பூலப் பைக்கு 25 மீட்டர் வேண்டும். நனைத்தால் சுருங்கும் என்பதால் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கினால் பயமில்லை.

இனி, நம்ப முடியாத மெஷினில் தைக்கும்போது கைகொடுக்கும் நான்கு உத்திகள்:

* தொடங்கும் இடத்தில்தான் நூல் அதிகம் சிக்கும். அதனால், முதலில் ஒரு துண்டுத் துணியில் தைக்கத் தொடங்கி, நிறுத்தாமல் பைத் துணிக்குள் போங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் விரலால் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

* ஒரு பையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். எல்லாப் பைகளின் வலப்பக்கத்தையும் நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துக்கொண்டே போங்கள். தோரணம்போல வரும். பிறகு வெட்டிப் பிரித்து, இடப்பக்கத்தை அதேபோலத் தையுங்கள். நூறு முறை தொடங்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு முறை தொடங்கினால் போதும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

* கைப்பிடி சேரும் இடத்தில்தான் ஊசி உடையும். நான்காக மடித்த கைப்பிடியும் வாய்ப்பக்கத்தின் மூன்று மடிப்பும் சேர்ந்தால் ஏழு அடுக்கு. மெஷின் திணறினால் துணிக் கைப்பிடிக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் பருத்தி நாடாவைப் பயன்படுத்துங்கள். ஏழு அடுக்கு நான்காகக் குறைந்துவிடும். துணிக் கைப்பிடிதான் வேண்டும் என்றால், அந்த இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்கி, மிதிக்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றித் தையுங்கள்.

* மேடான தையலில் ஏறும்போது பிரஷர் ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போதுதான் தையல் விடும். ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்தில் மடித்த துணித் துண்டு ஒன்றை வைத்துச் சமப்படுத்தினால் சுலபமாக ஏறிவிடும்.

மெஷின் முழுசாக நின்றுவிட்டால்?

கையால் தைக்கலாம். மிஞ்சிய துணியில் வெட்டிய சுருக்குப் பைகள் அதற்குத்தான். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விற்கப்படும் ஏலக்காய், இந்த மண்ணின் அடையாளம். அதையே ஒரு துணிப் பையில் வைத்துக் கொடுத்தால், இந்த ஊரிலிருந்து கொடுக்க இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

5 இஞ்சுக்கு 13 இஞ்ச் துண்டை உட்புறம் வெளியே தெரியும்படி இரண்டாக மடியுங்கள். வாய்ப்பக்கம் ஒன்றரை இஞ்ச் விட்டுவிட்டு, மீதிப் பக்கங்களைப் பின்தையல் போட்டு மூடுங்கள். ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி இரண்டு தையல் முன்னால் எடுக்கும் இந்தத் தையல், மெஷின் தையலுக்குச் சமமாகத் தாங்கும். வாயை மடித்து ஓட்டுத் தையல் போட்டால் நாடா நுழைய ஒரு குழாய் கிடைக்கும். பெரிய பை வெட்டியபோது ஓரத்தில் மிஞ்சிய 4 இஞ்ச் பட்டையிலேயே நாடா கிழித்துக்கொள்ளலாம். முடிந்த பை சுமார் 4 இஞ்சுக்கு 5 இஞ்ச் இருக்கும்.

ஏலக்காயை நேரடியாகத் துணிக்குள் போட வேண்டாம். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும், வாசமும் போய்விடும். காற்றுப்புகாத சின்ன உறையில் போட்டு, அதைத் துணிப் பைக்குள் வையுங்கள். ஏலக்காய் தீர்ந்த பிறகு அந்தப் பை சில்லறைக்கோ தோட்டுக்கோ ஆகும்.

கையால் தைத்த சின்னத் துணிப் பரிசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவரும் உபாசனா வடிவமைப்பு நிலையம், பாதிக்கப்பட்ட மீனவக் கிராமத்துப் பெண்களுக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. ஆடை தைத்து மிஞ்சிய வெட்டுத் துணிகள்தான் மூலப்பொருள். 'சுனாமிகா' என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பொம்மை, விரல் அளவுதான் இருக்கும். அதற்கு விலை கிடையாது. பரிசாக மட்டுமே கொடுக்கப்பட்டது. பொம்மையை வாங்கிக்கொண்டவர்கள் விரும்பித் தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்கு வருமானம் போனது. பல லட்சம் பொம்மைகள், 80-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, தினமும் கைகளுக்கு ஒரு வேலையும், சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடமும் கிடைத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

கூலியைக் கணக்கில் சேருங்கள்

சொந்தக்காரர்களுக்குப் பரிசாகத் தைப்பது வேறு, ஆர்டர் எடுத்துத் தைப்பது வேறு. ஆர்டர் என்று வந்துவிட்டால், 'நம்ம அண்ணன் வீட்டுக் கல்யாணம்தானே' என்று துணி விலையை மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் நிறைய. ஒரு மீட்டர் துணியின் விலையை நான்கால் வகுத்தால் ஒரு பைக்கான துணிச் செலவு. அதோடு நூல், நாடா, ஊசி சேருங்கள். பிறகு பத்துப் பை தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஒருநாள் கூலி எவ்வளவோ, அதை வைத்து அந்த நேரத்துக்கான கூலியைப் போடுங்கள். மெஷின் பராமரிப்புக்கென்று பைக்கு ஒரு ரூபாயாவது தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவந்தால், அடுத்த முறை பெல்ட் அறும்போது வீட்டுச் செலவிலிருந்து எடுக்க வேண்டியிருக்காது.

புது மெஷின் வேண்டுமா? இந்தத் திட்டங்களைப் பாருங்கள்

மெக்கானிக்கே கைவிட்டுவிட்டார் என்றால், அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. சமூக நலத் துறையின் 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கானது. 20 முதல் 40 வயது வரை விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றும், தையல் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய 'கலைஞர் கைவினைத் திட்டம்' இருக்கிறது. அதில் உள்ள 25 தொழில்களில் தையலும் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். இரண்டு இடங்களுக்கும் போகும் முன், அப்போதைய விதிமுறைகளை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது

ஆர்டர் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெஷினுக்கு என்று ஒரு சின்ன டப்பா தயார்செய்யுங்கள். 14, 16 நம்பரில் ஐந்து ஊசிகள், சுற்றிவைத்த மூன்று பாபின்கள், ஒரு பெல்ட் கொக்கி, மெஷின் எண்ணெய், பழைய பிரஷ், சின்ன ஸ்குரூ டிரைவர். இவ்வளவுதான். மெஷின் ஒருநாள் அழகாகத் தைக்கும். அன்றைக்கு அந்தத் துணியில் ஒரு துண்டை வெட்டி, என்ன ஊசி, என்ன நூல், டென்ஷன் எந்த எண்ணில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, இரண்டையும் சேர்த்து ஊக்கால் குத்தி டப்பாவில் போட்டுவையுங்கள். அடுத்த முறை மெஷின் மக்கர் செய்யும்போது, முதலில் அந்தச் சீட்டில் இருக்கிறபடி எல்லாவற்றையும் திருப்பி வைத்துப் பாருங்கள்.